மச்சினன், மூன்று வேளை, உணவோடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தே சொல்கிறேன். எழுதுகிற கையும் அதுதான் என்பதால், இந்த வரியை எழுத அதைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. மற்றபடி சத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. கதை கட்டுகிறவன் என்று என்னைப் பற்றிச் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கொதிகலனுக்குள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டிருக்கிறேன்.

சோப்பு ஆலையில் முப்பத்தோரு வருடம் கொதிகலன் பார்த்தேன். கொதிகலன் என்றால் வேறொன்றுமில்லை, படுக்கப்போட்ட இரும்புப் பீப்பாய். பேருந்து அளவு இருக்கும். அதில் தண்ணீர் கொதித்து, நீராவி குழாய் வழியாகப் போய் சோப்புக் காய்ச்சும் அண்டாக்களைச் சூடாக்கும். வருடத்துக்கு ஒரு தடவை நெருப்பை அணைத்து, ஆறவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு ஓர் ஆள் உள்ளே போக வேண்டும். சுவரில் படிந்த உப்பைச் சுத்தியலால் தட்டி எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, வெளியே நிற்கும் இன்ஸ்பெக்டருக்குச் சொல்ல வேண்டும். உள்ளே போக ஒரே ஒரு துளை. முட்டை வடிவம். நீளம் பதினாறு அங்குலம், அகலம் பன்னிரண்டு அங்குலம்.

நான் சொல்கிற வருடம் என் எடை நூற்று நான்கு கிலோ.

அந்த வருடம் பாதி உள்ளே போனேன். மீதிப் பாதி ஒத்துழைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடமை தவறாதவர். படிவத்தை என் முதுகின் கீழ்ப்பகுதியில் விரித்து வைத்துக்கொண்டு, "உள்ள இருக்கிறவர் பதில் சொல்லட்டும், வெளிய இருக்கிறவர் ஆடாம நில்லுங்க, எழுதணும்" என்றார். மூன்று மணி நேரம் கழித்து இரண்டு பீப்பாய் சோப்புக் கரைசலை ஊற்றி என்னை உருவி எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு வியர்த்தால் நுரை வந்தது.

மேனேஜர் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"அடுத்த வருஷம் நீங்களே முழுசா உள்ள போய், நீங்களே முழுசா வெளிய வரணும். இல்லேன்னா உங்களைப் பேக்கிங்ல போட்டுடுவேன். பாய்லரை உங்க மச்சினன் பாத்துக்கட்டும்."

பேக்கிங் என்றால் முக்காலியில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் கொதிகலன் இருமினால் எந்த இருமல், ஏன் இருமல் என்று எனக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய் என் மச்சினன் கையில் கொடுப்பதைத்தான் பொறுக்க முடியாது.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. நாற்பத்தாறு வயது, குச்சி உடம்பு. எனக்கு உதவியாள். எங்கள் வீட்டு மாடி அறையிலேயே குடியிருப்பு. ஆலையில் அவனுக்கு வைத்த பெயர் அவசரம். ஏன் அந்தப் பெயர் என்றால், பிறந்ததிலிருந்து அவன் அதைச் செய்ததில்லை. ஒரு மண்வெட்டிக் கரியை அடுப்பில் போடுவதற்கு முன் கரியைப் பார்ப்பான், அடுப்பைப் பார்ப்பான், இரண்டுக்கும் சம்மதமா என்பதுபோல் என்னைப் பார்ப்பான். அவனிடம் கொதிகலனை விட்டால் திங்கட்கிழமை பற்றவைத்த நெருப்புக்கு வியாழக்கிழமைதான் ஆவி வரும்.

சரி, இளைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒன்பது மாதம் அதைப் பற்றித் தீவிரமாக யோசித்தேன். யோசித்தால் எனக்குப் பசிக்கும். சோதனைக்கு மூன்று மாதம் இருக்கும்போது, என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

"ஒரு வேளை சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் உங்களுக்கு?" என்றார் டாக்டரம்மா.

"நாலு நிமிஷம்."

"வெறும் நாலா?"

"ரெண்டாவது தடவை போட்டுக்கறதையும் சேர்த்துத்தான்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "வயிறு நிறைஞ்சிடுச்சுன்னு மூளைக்குத் தெரியறதுக்கு ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகுங்க. நீங்க நாலு நிமிஷத்துல முடிச்சா, மூளைக்கு என்ன தெரியும்? இன்னும் போடு, இன்னும் போடுன்னுதான் சொல்லும்."

நூற்று நான்கு கிலோ உடம்பில் வயிற்றுக்கும் தலைக்கும் நடுவே இரண்டடி தூரம். அதைக் கடக்க இருபது நிமிடமா? நத்தை போனாலும் அதற்கு முன்னால் போய்ச் சேரும். ஆனால் டாக்டரிடம் அதைச் சொல்ல முடியுமா? 

"மெதுவா மென்னு சாப்பிடுங்க. ஒரு வாய் போட்டா, அது முழுசா இறங்கினப்புறம் அடுத்த வாய். உங்களுக்குத் தனியாப் பழக்கம் வராது. வீட்டுல மெதுவாச் சாப்பிடறவங்க யாராவது இருந்தா எதிர்ல உக்காந்துக்கோங்க. அவங்க ஒரு வாய் எடுத்தா நீங்க ஒரு வாய் எடுங்க. அப்படி யாராவது இருக்காங்களா?"

"இல்ல" என்று நான் சொல்வதற்குள், "என் தம்பி இருக்கான் டாக்டர்!" என்று என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். தம்பியின் குணத்தில் ஏதோ ஒன்று உலகத்துக்குப் பயன்படப் போகிறது என்று நாற்பத்தாறு வருடமாகக் காத்திருந்தவள் அவள்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். அந்தச் சீட்டு ரொம்ப நாள் என்னிடம் இருந்தது. அதில் இருந்தது ஒரே வரி: மச்சினன், மூன்று வேளை, உணவோடு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனை எதிரில் உட்காரவைத்தேன். எட்டு மணிக்கு ஆலை. இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி, ஒரு வேகவைத்த முட்டை, ஒரு வாழைப்பழம். அவன் ரொட்டியைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி திருப்பி முதல் பக்கம் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தான். ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டான். நானும் போட்டேன். என்னுடையது எந்த நொடியில் காணாமல் போனது என்று எனக்கே தெரியாது. அவனுடையது வாயில் இருந்தது. இருந்தது. இருந்துகொண்டே இருந்தது.

"டேய், முழுங்கேன்டா!"

அவன் கையைக் காட்டினான், பொறு என்று. வாயில் உணவு இருக்கும்போது பேச மாட்டான், நல்ல வளர்ப்பு. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு எண்களைத் தாண்டிய பிறகு, "எதுக்கு அத்தான் பறக்கறீங்க? ரொட்டி எங்கயாவது எழுந்து ஓடப்போகுதா?" என்றான்.

"ரொட்டி ஓடாதுடா, நான்தான் ஓடப்போறேன்."

"ஏங்க, சாப்பிடும்போது கோவப்படாதீங்க. அதுவும் உடம்புக்கு ஆகாது" என்றாள் சமையலறையிலிருந்து என் மனைவி. அவள் நின்றபடியே சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, துணியும் உலர்த்திவிட்டு வந்திருந்தாள். அவளுக்குச் சீட்டு எழுத யாரும் இல்லை.

அவன் சாப்பிடுகிற விதத்தைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ஆகவே குறைத்தே சொல்கிறேன். அவன் கிண்ணத்தில் சூப்பு குறைவது அவன் குடிப்பதால் இல்லை, ஆவியாவதால். அந்த முட்டையை மட்டும் வேகவைக்காமல் கொடுத்திருந்தால், அவன் முடிப்பதற்குள் அது தன் பாட்டில் பொரிந்து நடந்து போயிருக்கும். வாழைப்பழத்தைப் பொறுத்தவரை, நாங்கள் அவனுக்குப் பழம் கொடுப்பதையே நிறுத்திவிட்டோம். நல்ல பச்சைக் காயாகப் பார்த்துக் கொடுப்போம். முதல் கடிக்குக் காயாக இருந்தது, நடுவில் வரும்போது பதமாகப் பழுத்து, கடைசி வாய்க்குச் சற்றுக் கனிந்தே போயிருக்கும்.

வீட்டில் எப்படியோ ஓட்டினோம். ஆலையில்தான் சிக்கல். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதினால் சாப்பாட்டு இடைவேளை. பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி ஊதினால் வேலை. இருபதே நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் அவசரம் டப்பாவைத் திறந்து, மூடியைத் துடைத்து, அரைத் துண்டு ரொட்டி சாப்பிட்டிருப்பான். நானும் அரைத் துண்டுதான். சங்கு ஊதும். அவன் மீதியை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்து போவான். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சங்குச் சத்தம் கேட்டால் என் கை தானாக இயங்கும். அது அடங்குவதற்குள் டப்பா காலி.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால், நூற்றைந்து.

"மூணு வேளையும் என் தம்பியை எதிர்ல வெச்சுக்கிட்டு எப்படிங்க ஏறுது?" என்றாள் என் மனைவி. தம்பியின் மருத்துவ குணத்துக்கே களங்கம் வந்துவிட்டதுபோல் பார்த்தாள்.

"சங்குதான் காரணம். இருபது நிமிஷத்துல உன் தம்பி ஒரு பட்டாணியைக்கூட முடிக்க மாட்டேங்கறான்."

"சங்கை யாரு ஊதறது?"

"நான்தான்."

 அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

எங்கள் ஆலையின் சங்கு மின்சாரத்தில் ஊதுவது இல்லை. நீராவியில் ஊதுவது. கொதிகலன் அறையில் ஒரு சங்கிலி தொங்கும். அதை இழுத்தால் கூரைமேல் ஊதும். அந்தச் சங்கிலி நாங்கள் அங்கேயே சாப்பிடும் மேசையிலிருந்து கையெட்டும் தூரம். மறுநாள் ஐந்து நிமிடம் தள்ளி இழுத்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் பத்து. கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? ஆலையில் அத்தனை கடிகாரமும் சங்கைக் கேட்டு நேரம் திருத்துபவை. மேனேஜரே மதியச் சங்கு ஊதினதும் கைக்கடிகாரத்தைப் பன்னிரண்டு ஐம்பதுக்குத் திருப்பி வைக்கிற ஆள். மூன்றாவது வாரத்தில் இருபது நிமிட இடைவேளை அறுபத்தைந்து நிமிடமாகியிருந்தது. சாயங்காலச் சங்கை மட்டும் சரியாக ஐந்துக்கு ஊதிவிடுவேன். வீட்டுக்குப் போகிறவர்களைக் காக்கவைப்பது நியாயமில்லை. பாவம் மேனேஜர், தினமும் மதியம் முக்கால் மணி பின்னால் திருப்பி, சாயங்காலம் முக்கால் மணி முன்னால் திருப்பினார். கடிகாரக்காரரிடம் நாலு தடவை போய்ச் சண்டை போட்டார். "மத்தியானம் எழுந்து ஓடுது, சாயங்காலம் படுத்துக்குது, இதுக்குப் பேரு ரிப்பேரா?" என்று.

அறுபத்தைந்து நிமிடம் அவசரத்தின் எதிரில் உட்காருவது என்ன என்பதை நான் வார்த்தையில் சொல்ல முடியாது. அவன் வாயைப் பார்ப்பேன். அது மேலே போகும். கீழே வரும். நடுவில் நின்று ஏதோ யோசிக்கும். என் கை டப்பாவுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். "போயிடுச்சா?" என்பேன். தலையை ஆட்டுவான், இல்லை என்று. "இப்ப?" இல்லை. "டேய், அது வெறும் பட்டாணிடா. ஒரே ஒரு பட்டாணி!" கையைக் காட்டுவான், பொறு என்று. அந்தக் கையைக் கடித்துச் சாப்பிட்டுவிடலாம் என்று பல நாள் தோன்றியது. அதையும் மெதுவாகத்தானே கடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் சொன்னால் சொல்ல வேண்டும். வேலை செய்தது. முக்கால் டப்பாவிலேயே போதும் என்று தோன்ற ஆரம்பித்தது. தோன்றியதும் முதலில் பயந்துபோனேன். ஐம்பத்து நாலு வயதில் அந்தச் செய்தி எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக வந்து சேர்ந்தது. சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சல் இல்லை. மதியத்தில் கண் சொருகவில்லை. முப்பது வருடமாக எனக்கு உயிர் என்று நினைத்திருந்த பட்டாணி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்பதும் தெரிந்தது. அதற்கு முன்னால் அது என் நாக்கில் நின்றதே இல்லை.

"ருசி தெரிய ஆரம்பிச்சதும் குறை சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. பழையபடி முழுங்கிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள் என் மனைவி.

எனக்கு மட்டும் நடந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆலையில் நாற்பத்திரண்டு பேர். முதலில் எல்லாரும் வழக்கம்போல நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு மீதி ஒரு மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்காருவது கஷ்டமான வேலை. இரண்டாவது வாரம் எல்லாரும் நிதானமாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். பேக்கிங் அக்கா என்று ஒருவர், பேக்கிங் பிரிவுக்குத் தலைவி. வழக்கமாக ரொட்டியை மடித்து ஒரே வாயில் அனுப்புகிறவர். அவர் ஒரு நாள் கொதிகலன் அறைப் பக்கம் வந்து, "என்ன பெரியவரே, இப்பல்லாம் இருபது நிமிஷம் ரொம்பப் பெரிசா இருக்கு?" என்றார்.

"வயசாகுதில்லம்மா, அப்படித்தான் தெரியும்" என்றேன்.

"எனக்குப் பாவாடை இடுப்புல நிக்க மாட்டேங்குது. அதுவும் வயசா?"

நான் குனிந்து கரி போட்டேன்.

விஷயம் வெளியே வந்தது எடை மேடையால். ஆலை வாசலில் வண்டிகளை எடை போடும் மேடை உண்டு. எந்த வண்டியும் அதன்மேல் ஏறாமல் உள்ளே வர முடியாது. எங்களை ஏற்றி வரும் ஆலைப் பேருந்தும்தான். காவலாளி அதையும் தினமும் குறித்து வைப்பார். குறிப்பதோடு சரி, யாரும் பார்க்க மாட்டார்கள். மேனேஜர் ஒரு நாள் பார்த்துவிட்டார். இரண்டரை மாதத்தில் பேருந்து அறுநூற்று நாற்பது கிலோ குறைந்திருந்தது.

மேனேஜர் கணக்கில் புலி. ஆளுக்கு எழுபது கிலோ என்று வைத்தால் ஒன்பது ஆளும் ஒரு கையும் வேலைக்கு வரவில்லை என்று கண்டுபிடித்தார். எங்களை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். நாற்பத்திரண்டு. கடைசியிலிருந்து எண்ணினார். நாற்பத்திரண்டு. ஜோடி ஜோடியாக நிறுத்தி எண்ணினார். இருபத்தொரு ஜோடி. அதற்குப் பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க பழைய ஆளு. நேர்மையாச் சொல்லுங்க. தலை இருக்கு, எடை இல்ல. எங்க போகுது?"

"காத்துல ஈரம் கம்மியா இருக்கு சார்."

"அதுக்கு?"

"மனுஷன் உலருவான் சார்."

அதை அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் சோதனைக்கு இன்னும் பத்து நாள்தான். என் எடை எண்பத்தாறு. இப்போது சங்கைப் பழையபடி ஊதினால் எல்லாம் போச்சு.

சோதனை நாளன்று என் எடை எண்பத்திரண்டு. கொதிகலன் ஆறிக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதே படிவத்தோடு வந்தார். என்னைப் பார்த்து, "போன வருஷம் வந்தவர் உங்க அண்ணனா?" என்றார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இரண்டு கையையும் தலைக்குமேல் நீட்டி, மூச்சை விட்டு, துளைக்குள் போனேன். தபால் பெட்டிக்குள் கடிதம் போவதுபோலப் போனேன். ஒரு பொத்தான்கூட உரசவில்லை.

உள்ளே உட்கார்ந்து என் கொதிகலனைச் சுற்றிப் பார்த்தேன். அந்த நிமிடம் என் வேலை என்னுடையது என்று நினைத்தேன்.

"விளக்கு பிடிக்க அந்த ஆளும் உள்ள போகட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவசரம் தலையை உள்ளே விட்டான். தோள் வந்தது. நெஞ்சு வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

"வாடா."

"வரல அத்தான்."

"என்ன வரல?"

"வயிறு."

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். மூன்று மாதமாக, நாளுக்கு மூன்று வேளை, நான் பார்த்ததெல்லாம் அவன் வாயை. வாய்க்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒல்லிக்குச்சியாக இருந்தவன், கழுத்து மறைந்து, கன்னம் உப்பி, துளை முழுக்க அவனாக இருந்தான். முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. அந்தப் பீப்பாய்க்கு வேறு வழியும் இல்லை. உள்ளே நான்.

"போன வருஷமும் இதே ஓட்டை, இதே பாதி. ஆளு மட்டும் வேற" என்று இன்ஸ்பெக்டர் சலித்துக்கொள்வது மங்கலாகக் கேட்டது.

சோப்புக் கரைசல் கொண்டுவர ஆள் போனார்கள். மணி பன்னிரண்டரை ஆகியிருக்க வேண்டும். அவசரம் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு துண்டு ரொட்டியை எடுத்தான். பாதியை எனக்குக் கொடுத்தான். ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். சீட்டில் எழுதியது எழுதியதுதான் என்று நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் மேனேஜருக்கு அந்த யோசனை வந்தது. கொதிகலனின் பக்கவாட்டில் ஒரு குழாய் மூடியைக் கழற்றி, அதில் வாயை வைத்துக் கேட்டார்.

"யோவ் அவசரம்! ஆலையில எல்லாரும் இளைக்கறாங்க, உனக்கு மட்டும் எப்படிய்யா தொப்பை போட்டுச்சு?"

 அவன் பொய் சொல்லத் தெரியாதவன். உண்மை சொல்லவும் நேரமாகும். வாயில் ரொட்டி இருக்கிறது. அதுதான் ஒரே நம்பிக்கை. தவழ்ந்து அவன் முகத்துக்குப் பக்கத்தில் போனேன்.

"மாப்ளே, மெல்லுடா. நல்லா மெல்லு. அவசரமே இல்ல. சாயங்காலம்வரைக்கும் மெல்லு."

மூன்று மாதம். மூன்று மாதமாக, வேளைக்கு நூறு தடவை, "முழுங்குடா, முழுங்குடா" என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். ஒரு தடவை கேட்டானா? அன்றைக்கு, அந்த நொடியில், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, மடக்கென்று முழுங்கினான்.

"பெரியவங்க கேக்கும்போது காக்க வைக்கக் கூடாது அத்தான்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, குரலை உயர்த்தினான். "சார்! முன்னாடியெல்லாம் நான் அரை ரொட்டி சாப்பிடறதுக்குள்ள சங்கு ஊதிடும் சார். மீதியை மூடி வெச்சிடுவேன். இருபத்திரண்டு வருஷமா முழுச் சாப்பாடு சாப்பிட்டதே இல்ல சார். இப்ப நான் முடிக்கறவரைக்கும் அத்தான் சங்கை ஊதறதே இல்ல சார்!"

வெற்றுக் கொதிகலன் என்பது பெரிய ஒலிபெருக்கி. அங்கிருந்து நீராவிக் குழாய்கள் எல்லாப் பிரிவுக்கும் போகின்றன. அன்றைக்கு எல்லா வால்வும் திறந்திருந்தன. சோப்பு அண்டா ஒவ்வொன்றும் அவன் குரலில் அதைச் சொன்னது. கூரைமேல் இருந்த சங்கும் சொன்னது. ஊரில் பாதிப் பேர் மணி ஐந்து என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்களாம்.

சோப்புக் கரைசல் வந்து, அவனை உருவி, பின்னாலேயே நான் வெளியே வந்தேன். மேனேஜர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இது நல்லாத்தான் ஓடுதா?" என்றார்.

"தங்கம் சார் அது" என்றேன்.

"கடிகாரக்காரனைக் கண்டபடி பேசிட்டு வந்துட்டேனே, யோவ்."

"நானும் வந்து மன்னிப்புக் கேக்கறேன் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் எடையை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பிறகு தன் இடுப்பு வாரைத் தொட்டார். அதிலும் மூன்று துளை கூடுதலாகப் போட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்து, "உள்ள போனாரு, வெளிய வந்தாரு. எனக்கு அவ்வளவுதான்" என்று முத்திரை குத்தினார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டினார்கள். இனிமேல் சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். கொதிகலன் பொறுப்பில் மாற்றம் இல்லை. கொதிகலன் உதவியாளருக்கு மட்டும், உடல்நலம் கருதி, இருபது நிமிடம்.

"என் தம்பி வாயைக் கட்டித்தான் நீங்க எல்லாம் வாழணுமா?" என்று என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவசரத்துக்கு வருத்தமே இல்லை. உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தான், மூன்றாவது நாள் முடித்தான். எட்டு வாரத்தில் பழையபடி குச்சியாகிவிட்டான்.

நான் அந்தக் கொதிகலனிலேயே இருந்து ஓய்வு பெற்றேன். அன்றைக்கு என் பணிப்பதிவேட்டின் நகலைக் கையில் கொடுத்தார்கள். அதில் மருத்துவப் பரிசோதனைப் பக்கம் ஒன்று உண்டு: வேலையில் சேர்ந்த அன்று ஐம்பத்தெட்டு கிலோ, ஓய்வுபெற்ற அன்று ஐம்பத்தொன்பது, இடையில் எந்த வருடமும் அறுபதைத் தாண்டவில்லை.